நாற்பத்தேழாம் டோக்கன்

டொமினிக் வேலை முடிந்து வந்ததும், வாசற்படி ஏறுமுன் தம் பைகளை வெளியே இழுத்து உதறுவார். கால்சட்டைப் பைகள் இரண்டும் நாயின் காதுகளைப் போல் வெளியே தொங்கும். சட்டைப் பையையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகே செருப்பைக் கழற்றுவார். போர் விமானங்களையும் பயிற்சி விமானங்களையும் அக்கக்காகப் பிரித்துப் பழுதுபார்த்துத் திரும்பப் பூட்டும் ஒரு கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவரின் பழக்கம் அது.

“வெளிய போகக்கூடாதது வெளிய போகக்கூடாது மாஸ்டர். உள்ள இருக்கக்கூடாதது உள்ள இருக்கக்கூடாது. அவ்ளோதான் எங்க வேலை” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

லிங்கராஜபுரத்தில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு குடித்தனங்கள். முன்பகுதியில் டொமினிக்கும் அவர் மனைவி டோரீனும். பின்பகுதியில், தமிழ்ப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான். இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே ஒரே குழாய். டோரீன் பள்ளிச் சீருடைகள் தைப்பாள். அவளுடைய தையல் எந்திரம் ஓடும் ஓசையும் என் வானொலியும் ஒன்றோடொன்று பழகிப்போயிருந்தன. மாலைகளில் நான் அவர்களுக்கு ஏதாவது ஒரு கதை சொல்வேன். பெரும்பாலும் விலங்குகளின் கதை. “மாஸ்டர் வீட்டுல நரி, கரடி, காக்கா எல்லாம் வாடகை இல்லாம குடியிருக்குது” என்று டோரீன் கேலி செய்வாள்.

1996-ஆம் ஆண்டு, ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடும் டொமினிக், ஏழு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தார். வாசலில் நின்று பைகளை உதறினார். மறுபடியும் உதறினார். மூன்றாம் முறையும் உதறினார்.

“இன்னா ஆச்சுங்க?” என்றாள் டோரீன்.

“ஒரு ஸ்பேனர் காணோம்.”

“அவ்ளோதானே? புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு.”

டொமினிக் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வாத்தியாருக்காவது புரியுமா என்ற பார்வை.

புரியவைக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவர்கள் கூடத்துச் சுவரில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் கறுப்பு வண்ணத்தால் வரையப்பட்டிருக்கும். அந்த நிழலின் மேலேயே அந்தக் கருவி தொங்கும். எடுப்பவர் தம் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். டொமினிக்கின் எண் நாற்பத்தேழு. வேலை முடியும்போது நிழல்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், டோக்கன்கள் எல்லாம் அவரவர் கைக்கு வந்திருக்க வேண்டும். அன்று ஒரே ஒரு நிழல் மூடாமல் கிடந்தது. ‘ஏழு பை பதினாறு’ அங்குல ஸ்பேனரின் நிழல். அதன்மேல் நாற்பத்தேழாம் டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது.

“காலையில நான்தான் எடுத்தேன். ரெண்டு சீட்டு டிரெய்னர் பிளேன், அதோட வால் பக்கத்துல வேலை. சாப்பிடப் போறப்ப டிராலி மேல வெச்சிட்டுப் போனேன். வெச்ச ஞாபகம் இருக்குது மாஸ்டர். வந்து பாத்தா இல்ல.”

“வெச்ச ஞாபகமா, வெச்சீங்களா?” என்றாள் டோரீன்.

“அதையேதான் ஃபோர்மனும் கேட்டாரு.”

மண்ணெண்ணெய் அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு பென்சிலை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் விமானத்தின் வாலை வரைந்தார்.

“பைலட் முன்னாடி இருக்கிற கம்ப இழுத்தா, வால்ல இருக்கிற தட்டு அசையணும். அப்பத்தான் பிளேன் மூக்கைத் தூக்கும். நடுவுல இந்தா, இப்படி நீளமா ராடு போவுது. திரும்புற எடத்துல ஒரு முட்டி. இந்த முட்டிக்குக் கீழ ஒரு ஸ்பேனர் கிடந்துதுன்னு வெச்சுக்கோங்க. நேரா பறக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. புதுசா கத்துக்கிறவன் தலைகீழா புரட்டுவான் பாருங்க, அப்போ அது வழுக்கி வந்து சந்துல உக்காந்துக்கும். கம்பு அசையாது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா அப்புறம்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். டோரீன் குழம்பை இறக்கிவைத்து, சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்த விமானத்தின் வாலைக் கழற்றினார்கள். விளக்கும் கண்ணாடியும் கட்டிய நீண்ட குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். காந்தத்தைக் கயிற்றில் இறக்கினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உடலைக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்டார்கள். மூன்று மாதம் பூட்டியதை ஒரே பகலில் பிரித்தும் ஸ்பேனர் கிடைக்கவில்லை. மாலையில் மேலாளர் டொமினிக்கை அழைத்து அவருடைய முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த முத்திரையை நான் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுத் துண்டு. முனையில் ஒரு வட்டம், அதற்குள் நாற்பத்தேழு. தாம் முடித்த ஒவ்வொரு வேலைக்கும் அட்டையில் அதை அழுத்துவார். அந்த வட்டத்தை நம்பித்தான் அடுத்தவர் மூடியைப் பூட்டுவார். அதை நம்பித்தான் முகம் தெரியாத ஓர் இளைஞர் விமானத்தில் ஏறி உட்காருவார்.

“சம்பளம் வரும்” என்றார் டொமினிக். “ஆனா நான் முறுக்கின நட்டுக்கு இன்னொருத்தன் ஸ்டாம்ப் அடிப்பான். சனிக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா கமிட்டி உக்காருமாம். அப்புறம் அந்த ஸ்டாம்ப் எனக்கு எப்பவும் இல்ல.”

அவரைத் தேற்ற நினைத்த நான் வழக்கம்போல் ஒரு கதையை எடுத்தேன். ஒரு கரடி, தேனடையைக் காணோம் என்று காடு முழுவதையும் சந்தேகப்பட்டது. குரங்கின் கையை முகர்ந்தது, மானின் வாயைத் திறந்து பார்த்தது. கடைசியில் அந்த அடை அதன் முதுகு ரோமத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

டொமினிக் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “கரடிக்குத் தேன் தொலைஞ்சா ஒருவேளைப் பசி மாஸ்டர். இது அப்படி இல்ல” என்று எழுந்து போனார்.

என் கதையில் வேறொரு விஷமும் இருந்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். தேன் கரடியின் முதுகிலேயே இருந்தது என்று முடித்தேனே. அப்படியானால் நான் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்?

அன்று விளக்கு வைத்த சிறிது நேரத்தில் டோரீன் பின்கட்டுக்கு வந்தாள். டொமினிக் தேவாலயத்துக்குப் போயிருந்தார். அவள் கையில் பழைய சீருடைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. நீளமாக, கனமாக.

“மாஸ்டர், இத உங்க வீட்டுல வெச்சுக்கோங்க.”

“என்னம்மா இது?”

“தையல் மெஷின் பின்னாடி இருந்துச்சு. எண்ணெய்த் துணியில சுத்தி, நான் பாக்காத எடமா வெச்சிருக்காரு.” அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அவரு அப்படிப்பட்டவர் இல்ல. ஆனா இது இருக்குதே.”

“அவரையே கேட்டுவிடலாமே?”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரு. பொய் சொல்ல வராது அவருக்கு. ஆமான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது? நாளைக்கு ஆபீஸ்லருந்து ஆளு வருவாங்கன்னு இவரோட வேலை செய்யற முனி சொல்லிட்டுப் போனாரு.”

நான் வாங்கிக்கொண்டேன். தகரப் பெட்டியில், நான் பள்ளியிலிருந்து ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காதவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? பையை உதறிவிட்டு வீட்டுக்குள் நுழையும் மனிதரை நினைத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் உதறியது எங்கள் கண்ணுக்காகத்தானோ என்றுகூட என் மனம் போயிற்று.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இருவர் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மூத்தவர் மரியாதையானவர்.

“சும்னே ஒரு ரவுண்ட் பாத்துட்டுப் போறோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

சும்மா பார்க்க வந்தவர்கள் அரிசி டப்பாவில் முழங்கை வரை கையை விட்டார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். வேளாங்கண்ணி மாதா படத்தை இறக்கி அதன் பின்புறத்தைத் தட்டிப் பார்த்தார்கள். தையல் எந்திரத்தை நகர்த்தியபோது டோரீன் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். டொமினிக் சுவரோரமாகக் கைகட்டி நின்றுகொண்டு, “நல்லா பாருங்க சார். அந்தப் பரண்ல பாக்கலையே, ஏணி தரட்டுமா?” என்று அவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் கேலி இல்லை. ஒரு தேடலை எப்படி முறையாகச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவரின் குரல்.

இளையவர் பின்கட்டைக் காட்டி, “அங்க யாரு இருக்காங்க?” என்றார்.

“வாத்தியாரு. ரிட்டயர் ஆனவரு” என்றார் டொமினிக்.

“மேஷ்ட்ரா? பிடி, பிடி” என்று, விட்டுவிடு என்பதைக் கன்னடத்தில் சொல்லி மூத்தவர் கையை அசைத்தார். என்னைப் பார்த்து ஒரு வணக்கமும் போட்டார். நானும் கைகூப்பினேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய வணக்கங்களுள் சுமக்க முடியாதது அதுதான்.

அவர்கள் போன பிறகு டொமினிக், சிந்திய வெந்நீரில் நனைந்த அரிசியை முறத்தில் பரப்பினார். “பாத்தியா டோரி, ஒண்ணுமில்லன்னு எழுதிக்கினு போயிட்டாங்க” என்றார். அன்று முழுவதும் தையல் எந்திரம் ஓடவில்லை.

வியாழக்கிழமை மாலை முனிகிருஷ்ணன் வந்தார். நீலசந்திராக்காரர், பதினைந்து ஆண்டுகளாக டொமினிக்கின் அருகிலேயே நின்று வேலை செய்பவர். பூஜை நாளில் டொமினிக்கின் கருவிகளுக்குச் சந்தனம் குழைத்துக் கொடுப்பவரும், கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் வெட்டிக்கொள்பவரும் அவர்தான். அன்று அவர் நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க முனியண்ணே, காப்பி போடறேன்” என்றாள் டோரீன்.

“காப்பி இருக்கட்டும் சிஸ்டர். இன்னிக்கு மத்தியானம் உங்க வீட்டுக்காரரு என் டிபன் பாக்ஸத் திறந்து பாத்தாரு. அதைக் கேக்கலாம்னு வந்தேன். இன்னா குரு, உள்ள பிசிபேளே பாத் இருந்துச்சா, ஸ்பேனர் இருந்துச்சா?”

டொமினிக்கின் முகம் கறுத்தது.

“நீதானே முனி டிராலி பக்கத்துல இருந்த.”

“நான் மட்டுமா இருந்தேன்? ஹேங்கர்ல எண்பது பேரு. உனக்கு என் பாக்ஸ்தான் கெடச்சுதா? என் பொண்டாட்டி கட்டிக் குடுத்த சோத்துல கைய விட்டியே!”

“கைய விடல. ஸ்பூன் போட்டுத்தான் பாத்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனிகிருஷ்ணனுக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“மேனேஜர் குடுத்தனுப்பினாரு. பூஜை அன்னிக்கே அந்த ஸ்பேனர் ஒடஞ்சு போச்சு, ஒடஞ்ச துண்ட கழிவு இரும்புல போட்டுட்டேன், எழுத மறந்துட்டேன்னு நீ சொல்றாப்பல இதுல இருக்குது. அவ்ளோதான். ஒரு கையெழுத்து. சோமவாரம் உன் ஸ்டாம்ப் உன் கையில. பிளேனும் போய்ச் சேரும்.”

“திங்கக்கிழமை காலையில அது என் கையில இருந்துச்சு முனி.”

“இருந்துச்சு. இப்ப இல்ல. பிளேன்லயும் இல்ல. எக்ஸ்ரேல இல்ல, காந்தத்துல இல்ல. வேற இன்னா வேணும் உனக்கு? தீபாவளி லீவு எல்லாருக்கும் கட். கேன்டீன்ல உன் பேரு சொன்னாலே எழுந்து போறானுங்க. ஸ்வல்ப யோசனை பண்ணு குரு.”

“எங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க இருக்குதுன்னு தெரியலையே” என்றார் டொமினிக். “அது தெரியாம நான் எழுத மாட்டேன்.”

“அப்போ நான்தான் எடுத்தேன்னு எழுது!”

காகிதத்தை வாசல் திண்டின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு முனிகிருஷ்ணன் மழையில் இறங்கிப் போனார். டோரீன் அந்தக் காகிதத்தையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. ‘பொருளைத் தானே ஒளித்துவைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எழுத மாட்டேன் என்கிறாரே, இவர் யார்?’ அதே கேள்வி என்னிடமும் இருந்தது. ஒரே பொட்டலத்துக்கு நாங்கள் இருவரும் காவல். ஆனால் ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசவில்லை. குழாயடியில் அவள் வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் யாரும் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. கல் அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. வாரம் முழுவதும் சேர்ந்த துணிகளைக் குழாயடியில் போட்டு டோரீன் துவைத்துக்கொண்டிருந்தாள். டொமினிக் வேப்பங்குச்சியால் பல் தேய்த்தபடி நின்றிருந்தார். நான் என் குடத்துக்காகக் காத்திருந்தேன். அவள் அவருடைய நீல வேலைக் கால்சட்டையை, திங்கட்கிழமை போட்டிருந்ததை, கல்லின்மேல் விரித்தாள். தொடைப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். சோப்பைப் போட்டாள். பிரஷ்ஷால் தேய்த்தாள். போகவில்லை.

“இது இன்னா?” என்று கேட்டாள். ஐந்து நாளாக அடக்கிவைத்தது அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது.

“எது?”

“இந்தச் செவப்பு. எதுல போய் உரசிக்கினீங்க? இல்ல, யாரு மேல?”

“விடிஞ்சும் விடியாம இன்னா பேச்சு பேசற! மாஸ்டர் நிக்கிறாரு.”

“நிக்கட்டும். அவரும் கேக்கட்டும்.”

டொமினிக் குனிந்து பார்த்தார். முகம் இளகியது. “அட, இது குங்குமம். பூஜை குங்குமம். பூஜை முடிஞ்சதும் எல்லா ஸ்பேனரையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுடுவோம். ஒண்ண மட்டும் பொட்டோட விட்டுடுவோம். பூஜைக்கு அப்புறம் மொத வேலைய அதுலதான் தொடங்கணும். முனியோட வழக்கம் அது, பதினஞ்சு வருஷமா நானும் செய்யறேன். அந்த ஏழு பை பதினாறுலதான் பொட்டு இருந்துச்சு. கையெண்ணெய் பட்டுக் குழைஞ்சுபோய், கையத் துணில துடைச்சேன் போல.”

“குங்குமமா? இம்மாந் தேச்சும் போகலையே. நான் பெயின்ட்டுன்னு இல்ல நெனச்சேன்.”

அவள் அதைச் சொல்லிவிட்டு மறுபடி சோப்பை எடுத்தாள். டொமினிக்கின் கை வாயருகே அப்படியே நின்றது.

“இன்னா சொன்ன?”

“பெயின்ட்டுன்னு நெனச்சேன்னேன். ஏன்?”

“பெயின்ட்டுன்னு நெனச்ச.”

குச்சியை எறிந்தார். வாயைக் கொப்பளிக்கவில்லை. உள்ளே ஓடி ஒரு சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு வந்தார். அவசரத்தில் உள்புறம் வெளிப்புறமாகப் போட்டிருந்தார். தையல் வெளியே தெரிந்தது. ஸ்கூட்டரை நான்கு முறை உதைத்தும் அது கிளம்பவில்லை. கீழே போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரே முறைதான்.

மாலை மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது, முனிகிருஷ்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வாசலில் நின்று பைகளை உதறினார். இப்போது நேராகத் திருப்பிப் போட்டிருந்த சட்டையின் பையை மட்டும் உதறாமல், அதற்குள் இரண்டு விரல்களை விட்டு எஃகு முத்திரையை எடுத்துக் காட்டினார்.

நடந்ததை இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள்.

தேய்ந்துபோன, அளவு தப்பிய கருவிகளுக்கு அந்தக் கூடத்தில் சிவப்பு வண்ணம் தீற்றிவிடுவார்கள். சிவப்பு பட்டதை யாரும் தொடக்கூடாது. திங்கட்கிழமைதோறும் ஒருவர் ஒவ்வொரு டிராலியாகப் பார்த்துவந்து, சிவப்பு பட்டவற்றைப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில் சேர்ப்பார். மாதக் கடைசியில் மூன்று அதிகாரிகள் கூடி அந்தப் பெட்டியைத் திறந்து எண்களைப் பார்த்துக் கழிப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை அந்த வேலைக்குப் புதிதாக வந்தவள் பாமா, ஸ்டோரிலிருந்து மாற்றலாகி வந்த பெண். மறுநாளே தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் போய்விட்டாள். விமானத்தின் வயிற்றைக் கிழித்துத் தேடியவர்கள் யாருக்கும், கழிவுப் பெட்டியைத் திறக்கத் தோன்றவில்லை. நல்ல ஸ்பேனர் அங்கே எப்படிப் போகும்?

“பெட்டியத் திறக்க மூணு பேரு கையெழுத்து வேணும்னு நிக்கிறானுங்க” என்றார் முனிகிருஷ்ணன். “இவரு மேனேஜர் கதவுகிட்டயே உக்காந்துட்டாரு, சட்டைய உல்ட்டாவா போட்டுக்கினு. பிச்சைக்காரன்னு வாட்ச்மேன் ரெண்டு வாட்டி துரத்தினான்.”

“திறந்தா மேலயே இருக்குது” என்றார் டொமினிக். “பாமாவக் கூப்பிட்டாங்க. நேத்துதான் லீவு முடிஞ்சு வந்துச்சாம். ‘செவப்பு இருந்துச்சு சார், எடுத்துட்டேன், எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதானே’ன்னுச்சு. பாவம், அழுதுடுச்சு.”

“நெத்தியில தெனம் வெச்சுக்கிறவளுக்கே அது குங்குமம்னு தெரியல பாருங்க!” என்றார் முனிகிருஷ்ணன்.

“அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அது ரூல்படி செஞ்சுது. நாமதான் ரூலுக்கு வெளிய ஒரு பொட்ட விட்டோம். அடுத்த வருஷத்துலருந்து பொட்டு கிடையாது முனி. எல்லாத்தையும் துடைச்சுடணும்.”

“சரி குரு. என் டிபன் பாக்ஸ மட்டும் நானே துடைச்சுக்கறேன்.”

டொமினிக் எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முனிகிருஷ்ணன், “ஆய்த்து, ஆய்த்து, விடு” என்றார். திண்டின்மேல் கல்லுக்கடியில் இருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துத் தம் பையிலேயே போட்டுக்கொண்டார்.

டோரீனும் நானும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு நின்றுபோயிற்று. தொலைந்தது கிடைத்துவிட்டதென்றால், என் தகரப் பெட்டியில் இருப்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் டொமினிக் ஸ்கூட்டரைப் பிரித்தார். டோரீன் உள்ளே மாட்டுக்கறியில் தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். வளாகம் முழுவதும் மிளகு மணம். வாரத்தின் கனம் எல்லாம் கழுவி விட்டதுபோல் ஒரு வெயில்.

“டோரி! மெஷின் பின்னாடி ஒரு ஸ்பேனர் வெச்சிருந்தேனே, எண்ணெய்த் துணி சுத்தி. பாத்தியா?”

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உள்ளே போய்ப் பதிவேடுகளைத் தூக்கி, அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர்முன் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். சீருடைத் துணியைப் பார்த்தார். அது அவள் துணி. என்னைப் பார்த்தார். புதன்கிழமையையும் அரிசி டப்பாவையும் அந்த வணக்கத்தையும் அவர் தம் மனத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்குவது எனக்குத் தெரிந்தது. மெதுவாகப் பிரித்தார்.

“ஆண்டவர் மேல சத்தியமா, உங்களக் காப்பாத்தத்தாங்க” என்றாள் டோரீன்.

“இது சண்டே பஜார்ல வாங்கினது. பழைய இரும்பு வாங்கினா நீ திட்டுவேன்னு ஒளிச்சு வெச்சேன்” என்றார் அவர். ஸ்பேனரை என்பக்கம் திருப்பினார். “நம்பர் இருக்குதா பாருங்க மாஸ்டர்.”

எண் இல்லை.

“எங்க ஸ்பேனர் ஒவ்வொண்ணுலயும் நம்பர் வெட்டியிருக்கும். இது பதினொண்ணு மில்லிமீட்டர், ஸ்கூட்டருக்கு. அது அங்குலக் கணக்கு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அந்த பிளேன்ல ஒரு நட்டுக்குக்கூட இது நுழையாது. நீங்க துணியப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“டோரி, நீ?”

“எண்ணெய்த் துணியோடதான் சுத்தினேன்.”

“ஒரு நிமிஷம் மாஸ்டர். பிரிச்சுப் பாத்திருந்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஏன் பாக்கல?”

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன் நான். கடைசியில், “பார்க்கப் பயமாக இருந்தது” என்றேன்.

“அந்தக் காகிதத்துலயும் அதத்தான் எழுதியிருந்தாங்க” என்றார் டொமினிக். “பாக்காம கையெழுத்துப் போடுன்னு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஸ்கூட்டரின் திறந்த வயிற்றின் பக்கம் குனிந்தார். பிறகு, “நானும் முனியோட சோத்தக் கிளறினவன்தானே” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நட்டைக் கழற்றத் தொடங்கினார். டோரீன் உள்ளே போனாள். கறி அடிப்பிடித்திருந்தது. அதைத்தான் அன்று நாங்கள் மூவரும் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து அந்த விமானம் பறந்தது. டொமினிக்குக்கு அன்று பிற்பகல் வேலை. காலை ஒன்பதே முக்காலுக்குக் கிழக்கே ஓர் இரைச்சல் கிளம்பித் தேய்ந்தது. “கிளம்பிட்டான்” என்றார். “பத்து மணிக்கு மேல தலைகீழா புரட்டிப் பாப்பாங்க.” கடிகாரத்தைக் கழற்றி ஸ்கூட்டர் இருக்கையின் மேல் வைத்தார். கறுப்பு வண்ண டப்பாவைத் திறந்தார். ஸ்கூட்டர் நிற்கும் தகரக் கொட்டகையின்கீழ், சுவரில் அந்தப் பதினொரு மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து, அதன் ஓரம் முழுவதும் தூரிகையால் கோடிட்டு, உள்ளே நிரப்பத் தொடங்கினார். டோரீன் ஊசியில் நூல் கோத்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் ஒரு தையலும் போடவில்லை. நிழல் காய்ந்தது. அவர் ஆணி அடித்தார். வானத்தை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

இரைச்சல் மீண்டும் கேட்டது. நெருங்கியது, தாழ்ந்தது, அடங்கியது.

“எறங்கிட்டான்” என்றார். அப்போதுதான் ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

பிறகு மூன்று சோடா மூடிகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். துளையிட்டு, எண் வெட்டியிருந்தார். ஒன்றாம் எண்ணை டோரீனிடம் கொடுத்தார். இரண்டாம் எண் எனக்கு.

“மூன்றாவது?”

“முனிக்கு. அவன் ஸ்கூட்டரும் இங்கதான் வரும்.”

“உங்களுக்கு?”

“எனக்கு எப்பவும் நாப்பத்தேழுதான் மாஸ்டர்.”

அடுத்த வாரம் என் சைக்கிளின் பிரேக் தளர்ந்துபோயிற்று. நான் கொட்டகைக்குப் போய் இரண்டாம் எண்ணை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். நான்கு அடி நடந்ததும், அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். டொமினிக் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டோரீன் தைக்கும் சீருடைகளுக்குப் பொத்தான் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை திரும்பவே இல்லை.